ஆபரேஷன் அன்னைக்கு கேமரா இருந்துச்சு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டாப்ளர் எங்கே?

ஒரு போட்டோவில் இருந்து ஆரம்பிக்கிறோம் தோழர்களே.

நீங்கள் எல்லோரும் பார்த்த போட்டோதான். நடுவில் ஒரு குழந்தை, முகத்தில் மாஸ்க், கையில் ஒரு பொம்மை. பக்கத்தில் அம்மா. சுற்றி வெள்ளை கோட் போட்ட டாக்டர்கள், ஓரத்தில் ஒரு அமைச்சரோ எம்.எல்.ஏ.வோ, பின்னால் பேனர். "கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை வெற்றி! ஏழைக் குழந்தைக்கு மறுவாழ்வு!" எல்லாக் கட்சிப் பக்கமும் போடும். மறைக்க ஒன்றும் இல்லை, நம் பக்கமும் போட்டிருக்கிறது. டிசைன் பண்ணி அப்லோட் பண்ணியதில் இந்தப் பதிவை எழுதுகிறவனுக்கும் பங்கு உண்டு.

அந்தப் போட்டோ பொய் இல்லை. ஆனால் அது முதல் நாள் போட்டோ. இரண்டரை வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அதே மாதிரி ஒரு குழந்தை சென்னையில் இருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி ரத்த வாந்தி எடுத்தபோது அங்கே கேமரா இல்லை. பேனர் இல்லை. குழந்தையின் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை ஸ்கேனில் பார்த்துச் சொல்ல ஒரு ஆள்கூட இல்லை.

பெயர் சொல்ல மாட்டோம். ஊர் தென்காசிப் பக்கம், அவ்வளவு போதும். ஆஸ்பத்திரி அரசா தனியாரா என்றும் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கே ஒரு ட்யூட்டி டாக்டரை சஸ்பெண்ட் பண்ணிவிட்டு "நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்று கோப்பை மூடிவிடுவார்கள். எங்களுக்கு அந்த டாக்டர் மேல் கோபமே இல்லை. ராத்திரி பகலாக ட்யூட்டி பார்க்கிறவர் அவர். எங்கள் கோபம் அவருக்கு மேலே இருக்கிற நாற்காலிகள் மேல்.

நடந்தது இதுதான். அந்தப் பையன் பிறக்கும்போதே பித்தநாளம் அடைபட்டுப் பிறந்தவன். ஒன்றரை வயதில் அவன் அம்மா தன் கல்லீரலின் இடது ஓரத்தில் ஒரு துண்டைக் கொடுத்தார். காப்பீட்டு அட்டை உதவியது, மீதிக்கு நகை போனது. பிள்ளை பிழைத்தான், ஓடினான், பால்வாடிக்குப் போனான். நாலு வயதில் ஒரு காய்ச்சல். ரத்தம் எடுத்தார்கள், பிளேட்லெட் குறைவு. டெங்கு சீசன். காய்ச்சல் பிளஸ் பிளேட்லெட் குறைவு என்றால் டெங்கு என்று யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கும். வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். "மண்ணீரல் பெரிதாக உள்ளது, கல்லீரல் மாற்று செய்யப்பட்ட நிலை" என்று இரண்டு வரி ரிப்போர்ட். டாப்ளர் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்த டாக்டர் வாரத்தில் சில நாள்தான் வருவாராம். மூன்று நாள் டிரிப் ஏறியது.

மூன்றாம் நாள் ராத்திரி எங்கள் உதவி எண்ணுக்கு அந்த அம்மா போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன்.

"தம்பி, டெங்குன்னு சொல்லுதாங்க. இப்பம் பிள்ளை ரத்தமா கக்கிட்டான். நான் என்ன செய்யட்டும் தம்பி?"

"அக்கா, ஆபரேஷன் பண்ணின டாக்டர் நம்பர் இருக்கா?"

"நம்பர் இருக்கு. அவங்க உடனே டாப்ளர் எடுத்து அனுப்பச் சொல்லுதாங்க. இங்க அதுக்கு ஆள் இல்லைங்காங்க."

இந்தக் கடைசி வரிக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு. பொறுமையாகப் படியுங்கள், ஷார்ட்ஸில் அடங்குகிற விஷயம் இல்லை இது.

டாப்ளர் என்றால் என்ன, ஏன் இந்தக் குழந்தைகளுக்கு அது அவ்வளவு முக்கியம்? கேள்வி கேட்டால் "உனக்கு மெடிக்கல் தெரியுமா" என்று வருவார்கள். நான் டாக்டர் இல்லை, இன்ஜினியரிங் முடித்தவன். ஆனால் டாப்ளர் எங்கள் ஏரியாவும்தான்.

1842ல் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய அறிவியலாளர் சொன்ன விஷயம்: நகர்கிற பொருளில் இருந்து வரும் அலையின் அதிர்வெண் மாறும். ரயில் நம்மைக் கடந்து போகும்போது ஹாரன் சத்தம் சட்டென்று இறங்குகிறதே, அதேதான். ஸ்கேன் புரோபில் இருந்து போகிற ஒலி, ரத்த அணுக்கள் மேல் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் மாறி வரும். அந்த மாற்றத்தை வைத்து ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது, என்ன வேகம் என்று கணக்குப் போட்டுவிடலாம். கதிர்வீச்சு கிடையாது. குழந்தைக்கு மயக்க மருந்து தேவையில்லை. படுக்கை ஓரத்துக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு வரலாம். அம்மா மடியில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். சாதா ஸ்கேன் கல்லீரலின் போட்டோ என்றால், டாப்ளர் அதற்குள் ஓடும் டிராஃபிக்கின் லைவ்.

இப்போது கல்லீரலுக்கு வருவோம். பெரியவர் ஒருவரின் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சின்னக் குழந்தைக்கு வைக்கும்போது, ரத்தம் கொண்டுவரும் தமனி, குடலில் இருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் கல்லீரல் சிரை, அப்புறம் பித்தநாளம் என்று நாலு இடத்தில் தையல் போட்டு இணைக்க வேண்டும். அந்தத் தமனி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். பால்பாயிண்ட் பேனா ரீஃபிலை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவு. அதை மைக்ரோஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். அந்தக் கைகளைக் கும்பிட வேண்டும்.

அவ்வளவு சின்னக் குழாய் என்பதால்தான் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு அதில் ரத்தம் உறைந்து அடைக்கும் அபாயம் அதிகம். பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வரும். மாற்றி வைத்த கல்லீரலில் பித்தநாளங்களுக்குச் சோறு போடுவது இந்தத் தமனி ஒன்றுதான். அது அடைத்தால் பித்தநாளம் செத்துப் போகும், சீழ் கட்டும், கல்லீரலே போகும். பயங்கரம் என்னவென்றால், அடைத்த உடனே குழந்தை அழாது. ரத்தப் பரிசோதனைகூட முதலில் ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று மட்டும் காட்டலாம். குழாயைப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் நல்ல மாற்று மையங்களில் முதல் வாரம் தினமும், சில இடங்களில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட டாப்ளர் பார்க்கிறார்கள். அடைப்பைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் திரும்பத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்துக் குழாயைக் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. தாமதித்தால் இன்னொரு கல்லீரல் தேட வேண்டும். யாரிடம்? அம்மா ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அவர் இரண்டாவது முறை கொடுக்க முடியாது.

முதல் மாதம் சென்னையிலோ வேறு பெருநகரத்திலோ கழியும். அங்கே மெஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறது. எங்கள் சண்டை அதற்கு அப்புறம் வரும் மாதங்களுக்கும் வருஷங்களுக்கும்.

குழந்தை ஊருக்குத் திரும்பிய பிறகும் ஆபத்து ரிட்டையர் ஆவதில்லை. பித்தநாள அடைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்குப் போர்ட்டல் சிரை நோயிலேயே சுருங்கி மெலிந்து இருக்கும். அதை அம்மாவின் அகலமான சிரையோடு இணைக்கிறார்கள். குழந்தை வளரும், தையல் வளராது. மாதங்கள், வருஷங்கள் கழித்து அந்த இணைப்பு குறுகலாம். குறுகினால் பின்னால் ரத்தம் தேங்கும். மண்ணீரல் வீங்கும். வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் பிளேட்லெட் குறையும். உணவுக்குழாயில் சிரைகள் புடைத்து ஒருநாள் வெடிக்கும். ரத்த வாந்தி!

அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். அவனுக்கு டெங்கு இல்லை. போர்ட்டல் சிரை குறுகியிருந்தது.

குறுகிய இடத்தில் ரத்தத்தின் வேகம் திடீரென்று எகிறும். தோட்டத்துக் குழாய் வாயில் கட்டைவிரலை வைத்தால் தண்ணீர் பீய்ச்சுகிறது இல்லையா, அதே கதை. இணைப்புக்கு முன்னால் ஒரு வேகம், இணைப்பில் அதைப்போல மூன்று நாலு மடங்கு என்று டாப்ளர் காட்டினால் அங்கே குறுக்கம் இருக்கிறதென்று பலமாகச் சந்தேகப்படலாம். சில நிமிஷ வேலை. முதல் நாளே அவன் வயிற்றில் ஜெல் தடவிய அதே மெஷினில், அதே கட்டிலில் பார்த்திருக்கலாம்.

பார்த்திருந்தால் அவன் வாந்தி எடுக்கும் முன்பே சென்னைக்குக் கிளம்பியிருப்பான். நடந்ததோ வேறு. திருநெல்வேலியில் ரத்தம் ஏற்றி, கொஞ்சம் நிலைப்படுத்தி, ஆம்புலன்ஸில் விடிய விடியச் சென்னைக்கு ஓடினார்கள். அங்கே முதல் வேலையாக டாப்ளர். குறுக்கம் தெரிந்தது. எண்டோஸ்கோப்பி வைத்து ரத்தக்கசிவை நிறுத்தினார்கள். அப்புறம் ஊசி வழியாகச் சிரைக்குள் போய் பலூனை ஊதிக் குறுக்கத்தை விரித்தார்கள். பெரிதாகக் கிழித்துத் திறக்கவே இல்லை. பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறான், போன வாரம் வீடியோ காலில் எனக்குப் பல் காட்டினான்.

நல்லபடியாக முடிந்ததே, அப்புறம் என்ன என்று கேட்பவர்களுக்கு: ரத்த வாந்தி எடுத்த குழந்தைகள் எல்லோரும் ராத்திரி 600 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவார்களா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்போது எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருவோம். இரண்டு வாரமாக இதைப் பற்றிப் பேசுகிறோம், வந்த பதில்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

"எல்லா மாவட்டத்திலும் ஸ்கேன் மெஷின் இருக்கிறதே!" இருக்கிறது சார். யார் இல்லை என்றது? அதில் கலர் டாப்ளர் வசதியும் பெரும்பாலும் இருக்கும். 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தீர்கள். மாநிலம் எங்கள் சாதனை என்றது, ஒன்றியம் எங்கள் சாதனை என்றது. இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடம் வந்தது நல்லது. ஆனால் டாப்ளர் என்பது பட்டனைத் தட்டினால் பதில் வரும் காபி மெஷின் இல்லை.

கொஞ்சம் கணக்குப் பேசுவோம், ஒரு பாராதான். திரும்பி வரும் அதிர்வெண் மாற்றத்தில், ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நடுவில் இருக்கும் கோணத்தின் கொசைன் உட்கார்ந்திருக்கிறது. கோணம் 90 டிகிரி ஆனால் கொசைன் பூஜ்யம். அதாவது ரத்தம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும், மெஷினோ "ஓட்டமே இல்லை" என்று காட்டும்! 60 டிகிரியில் வைத்து 5 டிகிரி பிசகினால் கணக்கு 15 சதவீதம் தவறும். 80 டிகிரியில் அதே 5 டிகிரி பிசகினால் வேகம் பாதியாகவோ ஒன்றரை மடங்காகவோ போய்விடும். வேக அளவுகோலை உயரத்தில் வைத்துவிட்டால் மெதுவாக ஓடும் ரத்தம் திரையிலேயே வராது. தமனிக்கு இன்னொரு அளவு பார்க்கிறார்கள்: உச்ச வேகத்தில் இருந்து கடைசி வேகத்தைக் கழித்து உச்ச வேகத்தால் வகுப்பது. வகுக்கும்போது கோணம் அடிபட்டுப் போவதால் இந்த அளவில் அந்தப் பிசகு வராது. அது சாதாரணமாக 0.5க்கும் 0.8க்கும் இடையில் இருக்க வேண்டும். 0.5க்குக் கீழே போய், அலையும் மேலே ஏறச் சோம்பல்பட்டு நொண்டினால், அதற்கு முன்னால் எங்கோ தமனி குறுகியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு மூன்று நாளில் இந்த எண் கூடுதலாக இருந்தால் அது தானாகவே சரியாகவும் வாய்ப்புண்டு. எப்போது பதற வேண்டும், எப்போது பொறுக்க வேண்டும் என்பது மெஷினுக்குத் தெரியாது. அழுது புரண்டு மூச்சை இழுத்து விடும் குழந்தையின் வயிற்றில், இடம் மாறி உட்கார்ந்திருக்கும் வெட்டிய கல்லீரலில், ரீஃபில் சைஸ் குழாயைத் தேடிப் பிடிக்கப் பயிற்சி பெற்ற கை வேண்டும்.

மெஷின் வாங்கினால் திறப்பு விழா வைக்கலாம், கை வாங்கினால் ரிப்பன் வெட்ட முடியாது. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

"டாப்ளரே எல்லாவற்றையும் சொல்லிவிடுமா?" நியாயமான கேள்வி. சொல்லாது. உடம்பு புதுக் கல்லீரலை நிராகரிக்கிறதா என்று டாப்ளர் உறுதியாகச் சொல்ல முடியாது, அதற்குப் பயாப்ஸி வேண்டும். ஓட்டம் தெரியவில்லை என்றால் உறுதிப்படுத்த சி.டி. ஆஞ்சியோ எடுப்பார்கள். ஆனால் யாரை உடனே அனுப்ப வேண்டும், யாரை நாளை காலை வரை வைத்துப் பார்க்கலாம் என்று பிரிக்கும் முதல் சல்லடை இதுதான். பித்தநாளம் விரிந்திருக்கிறதா, கல்லீரலைச் சுற்றி நீரோ சீழோ கட்டியிருக்கிறதா, நெறிகட்டி பெருத்திருக்கிறதா என்றும் அதே உட்காரலில் பார்த்துவிடலாம். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடும் குழந்தைகளில் சிலருக்கு நிணநீர்க் கட்டி வரும் ஆபத்து உண்டு.

"ஸ்கேன் மெஷினை இஷ்டத்துக்கு வைக்க முடியாது, கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது." 1994ல் வந்த அந்தச் சட்டத்தை முழு மனதோடு ஆதரிக்கிறோம். தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992ல் சேலத்தில் தொடங்க வேண்டிய நிலையில் இருந்த மாநிலம் இது, பெண் சிசுக்களின் கதை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பதிவு செய்யப்பட்ட மருத்துவமனைக்குள், பதிவு செய்யப்பட்ட மெஷினில், நாலு வயதுப் பையனின் கல்லீரலைப் பார்க்க எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. கையெழுத்துப் போட ஆள் இல்லாததற்குச் சட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

"ஏ.ஐ. வந்துவிட்டது, இனி டாக்டரே வேண்டாம்." இதைச் சொன்னது என் கூடப் படித்தவன். மச்சி, புரோபைப் பிடிக்க முதலில் ஒரு கை வேண்டும்டா. தப்பான கோணத்தில் எடுத்த படத்தை எந்த மாடலில் போட்டாலும் தப்புதான் வெளியே வரும். அடுத்து.

"விரல் விட்டு எண்ணும் குழந்தைகளுக்காக இவ்வளவு செலவா? இதுவும் ஒரு இலவசம்தானே?"

வந்துவிட்டது பாருங்கள், மணி மணியான வார்த்தை. 2022 ஜூலையில் பிரதமர் மோடி "ரேவடி கலாச்சாரம்" என்று பேசியதில் இருந்து, ஏழைக்குப் போகும் எதைப் பார்த்தாலும் சிலருக்கு மிட்டாயாகத் தெரிகிறது. இவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே, லாப நஷ்டக் கணக்கிலேயே பதில் சொல்கிறோம். மாற்று அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டில் லட்சக்கணக்கில் கொட்டுகிறீர்கள். ஒரு அம்மா உடம்பை அறுத்துக் கொடுக்கிறார். அப்புறம் ஒரு ஸ்கேன் பார்க்க ஆள் இல்லாமல் அந்தக் கல்லீரலை இழந்தால், போட்ட முதல் மொத்தமும் போச்சு. வீடு கட்டிவிட்டுக் கூரையில் ஓட்டை விழுந்தால் ஒரு ஓடு மாற்றுவது இலவசமா, பராமரிப்பா?

விரல் விட்டு எண்ணலாம் என்கிறார்களே, எண்ணிக் காட்டட்டுமே! தமிழ்நாட்டில் எத்தனை குழந்தைகள் மாற்றுக் கல்லீரலோடு வாழ்கிறார்கள்? எந்தெந்த மாவட்டத்தில்? ஒரு வருஷம், மூன்று வருஷம், ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் நலம்? எத்தனை பேரின் கல்லீரல் போனது, எதனால் போனது? ஆபரேஷன் எண்ணிக்கையைப் பெருமையாக வெளியிடுகிறீர்கள். இதையும் பெயர்கள் இல்லாமல் வெளியிடுங்கள். பெருமைப்படும்படி இருந்தால் நாங்களே கார்டு போட்டுப் பகிர்கிறோம், சத்தியமாக.

எங்கள் மாநிலத்துக்குச் சாதனை இல்லை என்று யாரும் திரிக்க வேண்டாம். 1998ல் இந்தியாவில் முதன்முதலில் வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்று செய்யப்பட்ட குழந்தை காஞ்சிபுரத்துப் பிள்ளை. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை, அப்பா தன் கல்லீரலில் ஒரு பங்கைக் கொடுத்தார். ஆபரேஷன் நடந்தது டெல்லியில். அந்தப் பிள்ளை வளர்ந்து இன்று டாக்டர்! 2008ல் ஹிதேந்திரனின் பெற்றோர் தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்த பிறகு இந்த மண்ணில் உடல் உறுப்பு தானம் ஒரு இயக்கமாகவே மாறியது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்பவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று முதலமைச்சர் அறிவித்தார். எதிர்த்தரப்பில் இருந்தாலும் அன்றே வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். கொடுத்தவருக்கு மரியாதை செய்கிற அரசு, கொடுத்த உறுப்பு உயிரோடு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் உறுத்துகிறது.

உலகத்திலேயே முதல் கல்லீரல் மாற்றும் ஒரு குழந்தைக்குத்தான் நடந்தது, தெரியுமா? 1963 மார்ச் 1, அமெரிக்காவின் டென்வர். தாமஸ் ஸ்டார்ஸில் என்ற சர்ஜன், மூன்று வயதுக் குழந்தை, அதே பித்தநாள அடைப்பு. குழந்தை ஆபரேஷன் டேபிளிலேயே இறந்துபோனது. அங்கிருந்து இன்றைய நிலைக்கு வந்து சேர எத்தனை பேர் எத்தனை வருஷம் உழைத்திருக்கிறார்கள்! அந்த உழைப்பெல்லாம் தென்காசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து முட்டி நிற்கிறது.

மாநில அரசிடம் நாங்கள் கேட்பது நிலாவை இல்லை. ஒவ்வொரு தாலுகாவிலும் வையுங்கள் என்று சொல்லவில்லை, அது நடக்காது என்று எங்களுக்கும் தெரியும். மதுரை, திருநெல்வேலி, கோவை, திருச்சி, சேலம். இந்த ஐந்து ஊர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் ரேடியாலஜி டாக்டர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, மாற்று மையத்திலேயே உட்காரவைத்து, குழந்தைகளின் மாற்றுக் கல்லீரலை டாப்ளரில் பார்க்கப் பயிற்சி கொடுங்கள். 24 மணி நேரமும் கூப்பிட்டால் வர ஒருவர் இருக்கும்படி பணியிடம் போடுங்கள். எடுத்த படத்தை ஆபரேஷன் செய்த குழு அந்த நிமிஷமே பார்க்கிற மாதிரி லைன் கொடுங்கள். கல்யாண வீடியோ லைவ் போகிற காலம் இது, ஒரு ஸ்கேன் போகாதா?

அடுத்தது செலவே இல்லாத விஷயம். ஒவ்வொரு குழந்தைக்கும் டிஸ்சார்ஜ் அன்று ஒரு அட்டை. எந்தப் பக்கக் கல்லீரல், எந்தக் குழாய் எங்கே இணைக்கப்பட்டது, நலமாக இருந்தபோது எடுத்த டாப்ளர் எண்கள் என்ன என்று அதில் இருக்க வேண்டும். பழைய எண் கையில் இருந்தால்தான் புது எண் மாறிவிட்டது என்று புதிதாகப் பார்க்கும் டாக்டருக்குத் தெரியும். அட்டையின் பின்பக்கம் கொட்டை எழுத்தில், தமிழில்: காய்ச்சல், மஞ்சள், வயிறு வீக்கம், கறுப்பாக மலம், பிளேட்லெட் குறைவு, இதில் எது வந்தாலும் இந்தக் குழந்தைக்கு முதலில் டாப்ளர். அந்தப் பையனின் அம்மா கையில் இப்படி ஒரு அட்டை இருந்திருந்தால் அந்த மூன்று நாள் போயிருக்காது. அவர் கையில் இருந்தது 40 பக்க இங்கிலீஷ் ஃபைல். அதை யாரும் புரட்டவில்லை.

காப்பீட்டில் தொடர் சிகிச்சைக்கென்று தனிப் பட்டியல் இருக்கிறது, காகிதத்தில் இருப்பதை மறுக்கவில்லை. குழந்தைகளின் டாப்ளரை எந்த மாவட்டத்தில், எந்த நேரத்தில் எடுத்தாலும் கையில் இருந்து பத்துப் பைசா கொடுக்க வேண்டாம் என்று அதில் தெளிவாக ஒரு வரி போடுங்கள். வருஷம் 1,20,000 ரூபாய்க்குள் சம்பாதிக்கிற குடும்பத்துக்குத்தான் அந்த அட்டையே கிடைக்கிறது. அவர்களிடம் போய் வெளியே எடுத்துட்டு வாங்க என்று சீட்டு எழுதுவது என்ன நியாயம்?

ஒன்றிய அரசுக்கு ஒரே ஒரு கேள்வி. புற்றுநோய், தலசீமியா, இதய அறுவை, சிறுநீரக மாற்று, டயாலிசிஸ் என்று சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ரயில் கட்டணச் சலுகை கொடுக்கிறீர்கள், நல்லது. அந்தப் பட்டியலில் கல்லீரல் மாற்றுக்கு ஒரு வரி இல்லையே, ஏன்? செக்கப்புக்குத் திரும்பத் திரும்பச் சென்னைக்கு ஓடுகிற அப்பா அம்மாவுக்கும் அந்தக் குழந்தைக்கும் அந்த டிக்கெட் எவ்வளவு பெரிய பாரம் என்று தெரியுமா? நம் எம்.பி.க்கள் இதை அவையில் எழுப்ப வேண்டும் என்று தலைமைக்கு அணி சார்பில் எழுதியிருக்கிறோம். எழுப்பவில்லை என்றால் அதையும் இதே பக்கத்தில் கேட்போம்.

வருகிற திங்கட்கிழமை எல்லா மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மக்கள் குறைதீர் நாள் கூட்டம். அணித் தோழர்கள் மாவட்டத்துக்கு ஒரு மனு கொடுக்கிறோம். மனுவில் ஒரே கேள்வி: மாற்றுக் கல்லீரல் உள்ள குழந்தைக்கு நம் மாவட்டத்தில் ஞாயிறு ராத்திரி 10 மணிக்கு டாப்ளர் எடுக்க எங்கே போக வேண்டும், போன் நம்பர் என்ன? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரசீது எண்ணைப் போட்டோ எடுத்து மாவட்டப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். குழந்தைகளின் பெயர், முகம், ரிப்போர்ட் எதையும் யாரும் பதிவிடக் கூடாது. இது கண்டிப்பு.

உங்கள் தெருவில், சொந்தத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக்கு இந்தப் பதிவை இன்றே அனுப்புங்கள். அட்டை அரசு தரும் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் கடைசி டாப்ளர் எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கி, போனிலும் ஒரு போட்டோ வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

- தகவல் தொழில்நுட்ப அணி

#டாப்ளர்_எங்கே #ஞாயிறு_ராத்திரி_10_மணி